தையற்காரர் தூது சென்ற கதை

 

சயாம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோட்டங்களில் உள்ள மூத்தோரின் முகம் வாடிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், இரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற் போனவர்களின் நினைவு அது. அந்நினைவை மறக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, நமது மலாக்காவில் தொடங்கிய மற்றொரு வரலாறும் உண்டு. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

1511ஆம் ஆண்டு அல்புகெர்க் என்னும் போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவை முற்றுகையிட்டார். மலாக்காமீது தனக்கு உரிமை உண்டு என்று சயாம் மன்னர் நெடுங்காலமாகக் கூறிவந்தார். தாம் ஒரு நகரைப் பிடிக்கும்போது, அதைத் தன்னுடையது என்று சொல்லும் பெரிய அரசு பகையானால் என்ன ஆவது? இதை எண்ணிய அல்புகெர்க், போர் முழுதும் முடிவதற்கு முன்பே சயாமுக்குத் தூதர் ஒருவரை அனுப்பினார்.

அந்தத் தூதர் பிரபு அல்லர். துவார்த்தே பெர்னாண்டஸ் என்னும் தையற்காரர். 1509இல் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்த போர்த்துக்கீசியக் குழுவில் இருந்து, பிடிபட்டு, இங்கே சிறையில் கிடந்தவர். சிறையிலிருந்த காலத்தில் இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களை அறிந்துகொண்டார். அந்த அறிவே அவரை அயோத்தியா அரண்மனை வரை கொண்டு சென்றது. (நான் ஆசிரியனாக இருந்தவன்; பிறர் வழக்கங்களைக் கற்பதால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இவரைத்தான் காட்டுவேன்.) சீனக் கப்பலொன்றில் ஏறிச் சென்ற அவர், இரண்டாம் ராமாதிபோதி மன்னரைக் கண்டு, சயாம் தூதரையும் பரிசுகளையும் கடிதங்களையும் உடன்கொண்டு மலாக்காவுக்குத் திரும்பினார்.

அடுத்த சில ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. சயாமுக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் தேவைப்பட்டன. போர்த்துக்கீசியருக்கு வாணிபமும் குடியிருக்க இடமும் தேவைப்பட்டன. ஆகவே இதனை வெறும் அன்பினால் விளைந்த நட்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஆண்டில், ஒரே தளபதியின் கையால், மலாக்கா தன் ஆட்சியை இழந்தது. சயாமோ சரிநிகர் அரசாக மதிக்கப்பட்டது. மலாக்கா 1641இல் டச்சுக்காரர் கைக்கு மாறும்வரை, 130 ஆண்டுகள், போர்த்துக்கீசியரிடமே இருந்தது. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

1767இல் பர்மியப் படை அயோத்தியாவை அழித்தது. அங்கே வாழ்ந்த போர்த்துக்கீசிய வழியினரிற் பலர் தாக்சின் மன்னரின் புதிய தலைநகரான தோன்புரிக்கு வந்தனர். அவர்கள் கோயில் கட்ட 1769இல் மன்னர் நிலம் வழங்கினார். குடிச்சின் என்னும் அவ்வட்டாரத்தில் அவர்கள் முறைப்படி சுடும் முட்டை அப்பம் இன்றும் விற்கப்படுகிறது.

தின்பண்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முட்டையின் மஞ்சட் கருவைச் சர்க்கரைப் பாகில் நூல்நூலாக ஊற்றிச் செய்யும் இனிப்பு, தாய்லாந்தில் ‘போய் தோங்’. நம் கிளந்தானில் ‘ஜாலா மாஸ்’ என்று விற்பதும் இதுவே. இதற்கு மூலம் போர்த்துக்கீசியப் பலகாரம். ஜப்பானிய, போர்த்துக்கீசிய இரத்தம் கலந்த மரியா கியோமர் என்னும் அம்மையார் இதனைச் சயாமில் பரப்பினார் என்பது வழிவழிச் செய்தி. அமைச்சராயிருந்த அவர் கணவர் 1688இல் கொல்லப்பட்டார். அம்மையாரோ அரண்மனைச் சமையற்கட்டில் பணிபுரிந்து காலங்கழித்தார்.

நம் வீடுகளிலும் அந்நாட்டார் விட்டுச் சென்றவை உண்டு. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்களே. மலாய் மொழியில் வெண்ணெயைக் குறிக்கும் ‘மெந்தேகா’வும் அவ்வாறே.

1820இல் பாங்காக்கில், சாவ்பிரயா ஆற்றங்கரையில், போர்த்துக்கலுக்குத் தூதரக நிலம் அளிக்கப்பட்டது. அந்நகரில் மேலை நாடொன்று பெற்ற முதல் தூதரகம் அதுவே. 1897இல் சுலாலங்கோர்ன் மன்னர் லிஸ்பன் நகருக்கே சென்று வந்தார். 2011இல் இரு நாடுகளும் 500 ஆண்டு உறவைக் கொண்டாடின. அதன் நினைவாகத் தாய்லாந்து அளித்த மண்டபம் ஒன்று லிஸ்பனின் பெலேம் பகுதிப் பூங்காவில் நிற்கிறது. பாங்காக்கின் ஆற்றங்கரை நிலத்தில், போர்த்துக்கீசியத் தூதரகம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.