வறட்சியும் பயிர்களின் நாட்காட்டியும்

(திருவனந்தபுரத்தில் ஆற்றிய உரை)

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கேரளத்தில் வறட்சி என்றால் வெளி மாநிலத்தார் வியப்படைவர். ஆயினும் 2016ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடும், வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடும் குறைந்தன. அவ்வாண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. 2017 கோடையில் நெய்யாற்று நீரை அருவிக்கரைக்கு இறைத்துக் கொணர்ந்தே திருவனந்தபுர நகருக்குக் குடிநீர் வழங்க வேண்டியதாயிற்று.

குடிநீர்ப் பஞ்சம் உடனே புலப்படுகிறது. இலையில் நேரும் பஞ்சம் அவ்வாறு புலப்படுவதில்லை. தாவரம் இலைத்துளைகளின் வழியே கரியமிலவாயுவை ஏற்று, சூரிய ஒளியின் துணையால் உணவு சமைக்கிறது. அதே துளைகளின் வழியேதான் நீரும் ஆவியாகிறது. மண்ணில் ஈரம் குறைந்ததும் நீரைக் காக்க இலை அத்துளைகளை மூடிக்கொள்கிறது. அத்துடன் கரியமிலவாயுவின் வரவும் குன்றுகிறது, ஒளிச்சேர்க்கை தளர்கிறது.

இத்தளர்ச்சி எல்லா இடத்தும் ஒரே தன்மையதன்று. அகத்தியமலைச் சரிவின் பசுமைமாறாக் காட்டில், ஆழ வேரோடிய பெருமரங்கள் சில காலம் தாக்குப்பிடிக்கின்றன. வேர் ஆழம் பெறாத இளங்கன்றுகளே முதலில் வாடுகின்றன. புல்வெளி விரைவில் காய்கிறது. மழை பெய்ததும் வேரிலிருந்து விரைவில் துளிர்க்கிறது. முகத்துவாரங்களின் அலையாத்திக் காடுகளிலோ, ஆற்றுநீர் குறைந்து உப்பு மிகுவதால் நீரின் நடுவிலேயே தாவரங்கள் நீர்த்தட்டுப்பாட்டுக்கு உள்ளாகின்றன.

விளைநிலங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. நெல் பூக்கும் தருணத்தில் ஈரம் தவறினால், கதிர்கள் பதராகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவரும் மரவள்ளியோ, துளைகளை மூடி, இலைகளை உதிர்த்து, மழை வந்ததும் மீண்டும் தழைக்கிறது. அன்னாசி இரவில் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்துக்கொள்கிறது.

தென்னையின் நிலை தனித்தது. பாளை கருக்கொள்வதிலிருந்து தேங்காய் முற்றும்வரை சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. எனவே ஒரு கோடையின் வறட்சி, அடுத்தடுத்த ஆண்டுகளின் காய்ப்பிலும் வெளிப்படுகிறது. மழை திரும்பி, வறட்சி மறக்கப்பட்ட பின்னரே சிறு தோட்டக்காரரின் வருமானம் சரிகிறது.

பயிரிழப்பு 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பின் நிவாரணம் வழங்கலாம் என்று 2015இல் விதி தளர்த்தப்பட்டது. முன்னர் இது 50 விழுக்காடாக இருந்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் இழப்பின் மதிப்பீடு அப்பருவத்தில் கண்கூடாகத் தெரிவதையே பெரிதும் சார்ந்துள்ளது. நெல்லுக்கு இம்முறை பொருந்தும். தென்னைக்கு முழுதும் பொருந்தாது.

உலக அனுபவமும் கருதத்தக்கது. 2003ஆம் ஆண்டின் வெப்பத்தாலும் வறட்சியாலும் ஐரோப்பாவில் ஒளிச்சேர்க்கை சுமார் 30 விழுக்காடு குறைந்ததென 2005இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. கரியமிலவாயுவை உட்கொண்டுவந்த நிலப்பரப்பு, அவ்வாண்டு அதை வெளியிடுவதாக மாறியது. இன்று செயற்கைக்கோள்களின் துணையால் பசுமையின் தளர்ச்சியை முன்கூட்டியே அறிய இயலும்.

ஆகவே வேண்டுவன மூன்று: வறட்சிக்குப் பின் மூன்று ஆண்டுகளேனும் நீண்டகாலப் பயிர்களின் விளைச்சலைக் கணித்தல், தென்னை மரத்தடியில் மட்டையும் தழையும் மூடி ஈரம் காத்தல், காட்டின் இளங்கன்றுகளைப் பேணுதல். வறட்சியின் கணக்கு அரசின் நிதியாண்டோடு முடிவதன்று. அந்தந்தப் பயிரின் நாட்காட்டியைப் பின்பற்றியே அது எழுதப்பட வேண்டும்.