உரத்த குரலும் ஊமை நெஞ்சும்

உருக்காலைகள் சூழ்ந்த இங்கிலாந்தின் வோல்சோல் நகரில் வளர்ந்தவர் ரொப் ஹல்ஃபோர்ட். 1973இல் ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ குழுவிற் சேர்ந்து, ஹெவி மெட்டல் என்னும் பேரொலி இசையிற் பெரும் புகழ் எய்தினார். ஆயினும், தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்ற ஒரு வாக்கியத்தை அவரால் உரைக்க இயலவில்லை. அத்தகைய உறவைக் குற்றமெனக் கொண்ட சட்டம் 1967இல் தளர்ந்திருந்தும், ஏளனம் தளரவில்லை. உண்மை வெளிப்படின் குழு சிதையும், இரசிகர் அகல்வர் என அஞ்சினார். துயரை மதுவில் ஆழ்த்தினார். 1986இல் மதுவைத் துறந்தார். 1998இல் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் உண்மையை மொழிந்தார். இரசிகர் அவரைக் கைவிடவில்லை. 1992இற் பிரிந்த குழுவில் 2003இல் மீண்டும் இணைந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகள் அவர் நாவைக் கட்டிய ஏளனம், வகுப்பறையிலும் தெருவிலும் நாம் எளிதாய் எறியும் சொற்களிற் பிறப்பதன்றோ? அச்சொற்களை நாம் அடக்குவோமாக.