காசினோ கொண்டுவந்த கவனிப்பு

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்கிறோம். அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை மூர்க்கமாக இருப்பது பிறவிக் குணமா, வறுமையா?

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் 1993-இல் ஜேன் காஸ்டெல்லோ என்ற ஆய்வாளரின் குழு 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ஆண்டுதோறும் கவனிக்கத் தொடங்கியது. நாலில் ஒரு பங்கினர் செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வுக்கு நடுவிலே அவர்கள் நிலத்தில் ஒரு காசினோ வந்தது. லாபத்தில் பங்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இனத்தார் எல்லோருக்கும். உழைத்தவர், உழைக்காதவர் என்ற பேதமில்லை. அதுதான் இதில் முக்கியம். மரபணு மாறவில்லை, வருமானம் மட்டும் மாறியது!

வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் அடிதடியும் அடங்காமையும் குறைந்தன. நாலு வருடத்தில், வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் அவ்வளவாக அசையவில்லை. மரபின் கை அங்கே ஓங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பணம் என்னதான் செய்தது? பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்தது. அசந்து வந்து படுக்கையில் விழுந்த தாய், "சாப்பிட்டாயா? ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்க முடிந்தது.

ஆய்விலிருந்த செரோக்கி பிள்ளைகளில் வயதில் மிக இளையவர்கள், அந்தக் கவனிப்பை அதிக வருடம் பெற்றவர்கள். 21 வயதிலும், மூத்தவர்களைவிட அவர்களிடையே மனநோய் குறைவாகவே இருந்தது.