நமக்கென்று ஒரு மரம்: மரத்தக்காளி வளர்ப்போம், போத்தலில் அடைப்போம்

(மகளிர் குழுக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளத்தையும் சேமலாப நிதியையும் பேசுகிற கூட்டத்தில் இவள் ஏன் பழமரத்தைப் பற்றிப் பேச வந்தாள் என்று சிலர் யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

மரத்தக்காளியை உங்களுக்குத் தெரியும். முட்டை வடிவத்தில், சிவப்பாகவோ மஞ்சளாகவோ, கொத்தாகத் தொங்கும். இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. அதனால்தான் குளிர்ந்த நம் மலைநாடு அதற்குப் பிடித்துப்போனது. நியூசிலாந்துக்காரர்கள் 1967இல் இதற்கு ‘தமரில்லோ’ என்று புதுப் பெயர் வைத்து, பெரிய வியாபாரமே செய்தார்கள். நம் லயங்களிலோ பாதிப் பழம் கீழே விழுந்து அழுகுகிறது. மீதியை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம்.

இதை வளர்க்க வெளியிலிருந்து யாரும் வந்து நமக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. தவறணை, கான், கவ்வாத்து, கொழுந்து எல்லாம் நம் கைக்குத் தெரிந்த வேலை. அதே வேலையை நமக்காகச் செய்யப் போகிறோம், அவ்வளவுதான்.

முதலில் கன்று. விதையிலும் வரும், குச்சியிலும் வரும். விதைக் கன்று நெட்டையாக வளர்ந்து மேலே போய்த்தான் கிளை விடும். குச்சியில் வந்தது தாழ்வாகப் படர்ந்து நிற்கும். காற்றடிக்கிற மலைக்குக் குச்சிதான் நல்லது. ஒன்று இரண்டு வயதான கிளையில், விரல் தடிப்பில், ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, இலையை நீக்கி நடுங்கள். முதல் வருடம் பூத்தால் பூவைக் கிள்ளிவிடுங்கள். முதலில் வேர் பிடிக்கட்டும். இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் உள்ள மரத்தில் குச்சி எடுக்கவே வேண்டாம். அந்த நோயைச் செடிப்பேன் பரப்பும், குச்சியோடும் கூடவே வரும்.

அடுத்தது இடம். இதன் வேர் ஆழம் போகாது. தண்ணீர் தேங்கினால் சில நாளிலேயே மரம் செத்துவிடும். பலத்த காற்று வந்தால் சாய்ந்துவிடும். ஆகவே சரிவில், காற்று மறைவில், பக்கத்தில் ஒரு சின்னக் கான் வெட்டி நடுங்கள். ஒரு தடியும் ஊன்றிக் கட்டுங்கள். மரத்துக்கு மரம் ஆறடி விடுங்கள். ஒன்றரை அடிக் குழியில் மக்கிய சாணியும் குப்பையும் மண்ணோடு கலந்து போடுங்கள். அடியில் முள்ளுக் குத்தாதீர்கள், மேல்வேர் அறுந்துவிடும்; காய்ந்த புல்லைப் பரப்பினால் போதும். உருளைக்கிழங்கு வாடிச் செத்த மண்ணில் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். களைநாசினி அடிக்கிற மலை ஓரத்திலும் வேண்டாம்.

கவ்வாத்துக்கு வருவோம். விதைக் கன்று மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். இந்த மரம் புதுத் தளிரில்தான் காய்க்கும். அதனால் காய்த்து முடிந்த கிளையை ஒவ்வொரு வருடமும் வெட்டிவிட வேண்டும். தேயிலையில் ஏன் கவ்வாத்து வெட்டுகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விதைக் கன்று ஒன்றரை இரண்டு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். பூத்த பூ பழமாக ஐந்தாறு மாதம் எடுக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. கொழுந்துக்கு அதே மலைக்குத் திரும்பத் திரும்பப் போவதுபோல, இதையும் சுற்றுச் சுற்றாகப் பறிக்க வேண்டும். காம்போடு பறியுங்கள், காம்பு போனால் சீக்கிரம் அழுகும். பச்சையாகப் பறித்து வீட்டில் வைத்தால் நிறம் மாறலாம், ஆனால் இனிப்பு ஏறாது. நன்றாகப் பார்த்துக்கொண்ட மரம் வருடத்துக்கு 15, 20 கிலோ தரும். எட்டுப் பத்து வருடத்தில் மரம் ஓய்ந்துவிடும். அதற்கு முன்பே அடுத்த குச்சியை நட்டுவிடுங்கள்.

பறித்த பழத்தில் முதல் பங்கு நம் வயிற்றுக்கு. நம் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விற்றமின் சி உதவும். அது இந்தப் பழத்தில் நிறைய இருக்கிறது. இரண்டாக வெட்டி, கரண்டியால் வழித்துப் பச்சையாகச் சாப்பிடுங்கள். தோல் கசக்கும், விட்டுவிடுங்கள். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்புச்சத்து சரியாகச் சேராது. கொழுந்து பறிக்கிற நாம்தான் இதை முதலில் தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

மிச்சத்தைப் போத்தலில் அடைப்போம். பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். தோல் தானாகக் கழன்று வரும். இதில் புளிப்பு அதிகம், அதனால் அலுமினியச் சட்டி வேண்டாம். எவர்சில்வர் சட்டி எடுங்கள்.

ஜாம் செய்ய, தோலுரித்த பழத்தை மசித்து, விதை வேண்டாதவர்கள் வடித்து, ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோ சீனியும் ஒரு தேசிக்காய்ச் சாறும் சேர்த்துக் காய்ச்சுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளும்போது சுருங்கினால் பதம் சரி.

சட்னிக்கு ஒரு கிலோ பழம், கால் கிலோ வெங்காயம், 300 கிராம் சீனி, ஒரு கப் வினாகிரி, கொஞ்சம் இஞ்சி, இடித்த மிளகாய், உப்பு. கெட்டியாகும்வரை கிண்டுங்கள். ரொட்டிக்கு இதைவிட வேறு வேண்டாம்.

கண்ணாடிப் போத்தலையும் மூடியையும் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, சூடாகவே நிரப்பி, சூடாகவே மூடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். முழுவதையும் கொட்டிவிடுங்கள். விற்பதானால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேசுங்கள். செய்த திகதியை எழுதி ஒட்டுங்கள்.

விலை போடும்போது சீனி, போத்தல், விறகு எல்லாவற்றையும் கணக்கில் எழுதுவோம். நம் நேரத்தை மட்டும் எழுதமாட்டோம். மலையில் அரைப்பேர் போட்டால் சண்டைக்கு நிற்கிற நாம், வீட்டு வேலைக்கு நமக்கே பேர் போடாமல் விடுகிறோம். இனி அந்த நேரத்துக்கும் பேர் போடுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தால் சீனியும் போத்தலும் மொத்தமாக வாங்கலாம். வியாபாரியிடம் விலையையும் ஒரே குரலில் பேசலாம்.

இப்போது நான் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் அம்மா இரண்டு மரம் வைத்திருந்தார். நன்றாகக் காய்த்த நேரத்தில், கான் வெட்ட வேண்டும் என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்து இரண்டையும் வெட்டிப் போட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்துப் பேச எங்கள் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. அம்மா அன்று அழவில்லை. விழுந்த கிளையில் நான்கு குச்சி வெட்டி, பெரியம்மா வீட்டுப் பக்கம் கொண்டுபோய் நட்டார். மூன்று பிழைத்தது.

குச்சியைத் தூக்கிக்கொண்டு போகலாம், தோழர்களே. மண்ணைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கீரை நாற்பது நாளில் கைக்கு வரும். மரத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்தும் இந்த இடம் நமக்குத்தான் என்ற நிச்சயம் இல்லாதவள் எப்படி மரம் நடுவாள்?

தனி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி என்றார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி, அப்படியானால் 7 பேர்ச் சுமார் 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடும் மலசலகூடமும் பாதையும் போனாலும் நான்கு மரத்துக்கு இடம் இருக்கும். நான்கு மரத்துக்கு 150 சதுர அடி போதும். ஆனால் கையில் உறுதிப்பத்திரம் இல்லாத 7 பேர்ச்சும் லயத்துப் பின்புறமும் ஒன்றுதான். ஆகவே நாம் கேட்பது வீடு மட்டுமல்ல. காணி உறுதி வேண்டும், அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். லயத்தைச் சுற்றி இன்று நாம் செய்கிற மரக்கறித் தோட்டத்தை முன்னறிவித்தல் இல்லாமல் யாரும் அழிக்கக் கூடாது. இதை உங்கள் தோட்டக் கமிட்டியில் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நல்ல மரம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து குச்சி கொண்டு வாருங்கள். மரம் இல்லாதவர்கள் பை கொண்டு வாருங்கள்.