மீண்டவர் அணிந்த சின்னம்



தமிழர்க்கு நடுகல் புதிதன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீர்ப்படுத்து, நாட்டி, வாழ்த்தும் மரபைத் தொல்காப்பியம் புறத்திணையில் துறை துறையாக வகுத்துச் சொல்கிறது. ஆனால் வீழாமல் மீண்டவனுக்கு என்ன அடையாளம்? கை இழந்தும் கால் இழந்தும், உடல் முழுதாயிருந்து உறக்கம் இழந்தும் ஊர் திரும்பியவனை ஊரார் எதைக் கொண்டு அறிவர்? முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனில் இக்கேள்விக்கு விடையாக அமைந்தது ஒரு சிறு உலோகத் துண்டு. கோட்டின் கழுத்து மடிப்பில் செருகும் பேட்ஜ் அது. பழைய போர்வீரர் சங்கங்களின் இத்தகைய சின்னங்களைத் தேடிச் சேர்ப்பதும் இனங்காண்பதும் இன்று நுட்பமான ஒரு பயிற்சியாக வளர்ந்திருக்கின்றன.

இதன் வேர் அவமானத்தில் இருக்கிறது. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் அட்மிரல் சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு 30 பெண்களைத் திரட்டி, படையில் சேராத இளைஞர்களுக்கு வெள்ளை இறகு கொடுக்கச் செய்தார். அவ்விறகு கோழை என்பதன் குறி. வழக்கம் நாடெங்கும் பரவியது. கொடுத்தவர்கள் ஆளறிந்து கொடுக்கவில்லை. குண்டடிபட்டு விடுவிக்கப்பட்டு, சாதாரண உடையில் தெருவில் நடந்தவனும் அதைப் பெற்றான். 1916 செப்டம்பரில் அரசு வெள்ளிப் போர்ச் சின்னத்தை ஏற்படுத்தியதற்கு இந்நிலை ஒரு முக்கியக் காரணம். காயத்தாலோ நோயாலோ படையினின்று விலக்கப்பட்டோர் அதைச் சாதாரண உடையில் வலப்பக்க மார்பில் அணிந்தனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் வழங்கப்பட்டன. ஒவ்வொன்றின் பின்புறமும் ஓர் எண் உண்டு.

அரசு தந்த சின்னம் பழியைத் தடுத்தது, பசியைத் தடுக்கவில்லை. ஓய்வூதியத்துக்கும் வேலைக்கும் வீரர்கள் தாமே சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று. 1916இல் பிளாக்பர்னில் தோன்றிய தேசியச் சங்கம் தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்து நின்றது. 1917இல் இலண்டனில் எழுந்த தேசியக் கூட்டமைப்புக்கு லிபரல் கட்சி உறுப்பினர் சிலர் துணைநின்றனர். விடுவிக்கப்பட்டவர்களை மறுபடி பரிசோதித்துப் போருக்கு அனுப்ப வழிசெய்த அவ்வாண்டுச் சட்டமே அதற்கு உந்துதல். படைநிலையிலிருந்து உயர்ந்தவர் அல்லாத அதிகாரிகளை அது தொடக்கத்தில் சேர்க்கவில்லை. அதே 1917இல் கன்சர்வேடிவ் சார்புடையோர் ஆதரவில் ‘மாபெரும் போரின் தோழர்கள்’ என்ற அமைப்பும் தோன்றியது. ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் ஊர் திரும்பியபின் வேறுவேறு சின்னங்களைச் சூடினர். 1921 மே 15ஆம் நாள் இம்மூன்றும் அதிகாரிகள் சங்கமும் ஒன்றாகி ‘பிரிட்டிஷ் லீஜியன்’ பிறந்தது. கூட்டமைப்பைச் சேர்ந்த தாமஸ் லிஸ்டர் முதல் தலைவரானார். படைத்தளபதி ஹேக் அதன் பிரசிடெண்ட் பொறுப்பேற்றார். பழைய மூன்று சங்கச் சின்னங்களும் மேசை அறைகளுக்குள் போயின. அவற்றின் பயன்பாடு ஏறக்குறைய நான்கைந்து ஆண்டுகளே நீடித்தமையால் சேகரிப்போர் அவற்றை விரும்பித் தேடுகின்றனர்.

இனங்காணும் முறை, சுவடி பதிப்பிப்போர் முறைக்கு நெருங்கியது. முதலில் எழுத்து: சங்கத்தின் பெயரோ, பெயரின் முதலெழுத்துகளோ எனாமலில் இருக்கும். பெயர் மாறிய ஆண்டு தெரிந்தால் சின்னத்தின் மேல் எல்லையோ கீழ் எல்லையோ கிட்டும். லீஜியனுக்கு ‘ராயல்’ என்ற அடைமொழி 1971இல் வந்தது. அச்சொல் பொறித்த சின்னம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அடுத்தது முடி. 1901க்குப்பின் அரசர்கள் காலத்தில் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்த டியூடர் முடி. எலிசபெத் அரியணையேறியபின் நடுவில் தாழ்ந்த வளைவுடைய எட்வர்டு முடி. ஆனால் 2022இல் சார்லஸ் மன்னர் டியூடர் வடிவத்தையே மீண்டும் தேர்ந்தெடுத்தார். ஆகவே முடி ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்வது இனிப் போதாது.

பின்புறம் முன்புறத்தினும் மிகுதியாகப் பேசும். பிறைவடிவப் பின்தகடு ஆண்களின் கோட்டுப் பொத்தான் துளைக்கென அமைந்தது. ஊசி வைத்தது எவ்வுடையிலும் குத்தத் தக்கது. கான்ட், ஃபட்டோரினி போன்ற தயாரிப்பாளர் பெயர்களும், பர்மிங்காம் என்ற ஊர்ப்பெயரும் அங்கே காணப்படும். வடிவப் பதிவெண் இருந்தால் அது வடிவம் பதிவான ஆண்டையே காட்டும். அச்சில் அடித்த ஆண்டை அன்று. ஒரே அச்சில் பல்லாண்டுகள் அடித்திருக்கலாம். மூலநூலின் காலத்தையும் படியெடுத்த ஏட்டின் காலத்தையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை இங்கும் நேர்கிறது.

எல்லாவற்றினும் மயக்கம் தருவது எண். வெள்ளிப் போர்ச் சின்னத்தின் எண், வீரனின் படை எண் அன்று. சின்னத்துக்கே உரிய வரிசை எண். அதற்கான பதிவேடுகள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெயர், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அவற்றின்வழி கிடைக்கக்கூடும். சங்கச் சின்னத்தின் எண்ணோ சங்கம் தன் கணக்குக்காக இட்டது. அதை அரசுப் பதிவேட்டில் தேடி, அதே எண்ணுடைய வேறொருவன் பெயரைக் கண்டு, ‘இது இன்னாருடையது’ என்று அட்டை எழுதிவிடுவோர் உண்டு. பெயர் சேர்ந்தால் விலையும் ஏறும். ஆனால் அப்பெயர் ஒருவன் துன்பத்தை எடுத்து மற்றொருவன் மார்பில் குத்துவதாகும். அணிந்தவன் இருமுறை மறக்கப்படுகிறான்: காலத்தால் ஒருமுறை, பொய்ப்பெயரால் ஒருமுறை.

மெருகேற்றும் ஆசையும் இத்தகையதே. ஓரம் தேய்ந்து எனாமல் சில்லுப்போன சின்னத்தைப் பளபளப்பாக்கினால், அதை நாள்தோறும் அணிந்த பழக்கத்தின் தடம் அழிந்துபோகும். சிதைந்த ஏட்டில் பதிப்பாசிரியர் புள்ளியிட்டு இடம் விடுவதுபோல், சேகரிப்பவரும் தேய்வைத் தேய்வாகவே விட்டுவைப்பது அறம்.

1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போரிட்டவர்களுக்காக 1925இல் ஒரு சங்கம் அமைந்தது. ஜெர்மானியப் பேரரசர் சொன்னதாகப் பரவிய இகழ்மொழியையே பெயராக ஏற்று, ‘பழைய இகழத்தக்கோர்’ என அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டனர். பதவி வேறுபாடின்றி ஒவ்வொருவரும் அங்கே ‘தோழன்’ என்றே விளிக்கப்பட்டனர். அச்சங்கம் 1974இல் கலைந்தது. 1953இல் அமைந்த டன்கர்க் வீரர் சங்கம் 2000இலும், 1981இல் தோன்றிய நார்மண்டி வீரர் சங்கம் 2014இலும் முடிவுற்றன. புது உறுப்பினரைச் சேர்க்க இயலாத சங்கங்கள் அவை. தம் முடிவைப் பிறக்கும்போதே அறிந்திருந்தவை.

நடுகல்லில் பெயர் உண்டு; வீரன் இல்லை. சங்கச் சின்னத்தை அணிந்தவன் உயிரோடு இருந்தான்; அதில் அவன் பெயர் இல்லை, எண்ணே உண்டு. அப்பெயரைச் சான்றோடு கண்டால் எழுதலாம். காணாவிடில் அட்டையில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். சொல்லை அளந்து வைக்கும் கவிஞர்களுக்கு அவ்வெற்றிடத்தின் மதிப்பு விளங்கும்.