மலையடிவாரத்தில் ஒரு பிற்பகல்



இன்றைய தலைப்பு ஒரு கேள்வி. அன்றாட வாழ்க்கையை ரசித்து வாழ முடியுமா? 'முடியும், கையில் நாலு காசு இருந்தால்' என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது மேடை வரைக்கும் கேட்கிறது. சிரிக்க வேண்டாம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கையில் காசு மிகக் குறைவாக இருந்த ஓர் இடத்தில், மக்கள் நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரத்தை முழுசாக ரசித்து வாழ்ந்திருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்று பார்த்தால், கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மலாக்கா என்றதும் எல்லாருக்கும் நினைவில் வருவது கடல். அடுத்து ஆ ஃபமோசா கோட்டை, சிவப்புக் கட்டடம். மலை யாருக்கும் நினைவில் வராது. ஆனால் கிழக்கே ஜாசின் மாவட்டத்தின் கோடியில் ஒரு மலை நிற்கிறது. லேடாங் மலை. உயரம் 1,276 மீட்டர். உச்சி ஜொகூர் மாநிலத்தில் இருக்கிறது. மேற்கு அடிவாரத்தில், மலாக்கா எல்லைக்குள் இருக்கிறது அசகான். மலையிலிருந்து பாறை பாறையாகக் குதித்து இறங்கும் நீர்வீழ்ச்சி, கீழே ஓடைகள், சிற்றாறுகள். அவற்றைச் சுற்றித்தான் தோட்டங்கள் எழுந்தன.

ரப்பர் கதையும் இந்த மாநிலத்தில்தான் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அதற்குப் பிறகு அவர் பெரிய அளவில் ரப்பர் நட்ட இடம், இதே லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசகான். அதுவரை அந்தப் பக்கத்து மண்ணில் மரவள்ளிதான் அதிகம். மரவள்ளி போய் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். லயம் வந்தது. லயத்தோடு கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. கள்ளுக்கடையும் வந்தது, அதை மறைப்பதற்கில்லை.

சரி, அந்த ஊரில் ஒரு நாள் எப்படிப் போயிற்று?

பால் மரத்தை விடியும் முன்பே ஏன் வெட்டுகிறார்கள்? இரவுக் குளிர்ச்சியில் மரப்பட்டைக்குள் பால் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்து ஆவியாக்கிவிடும். அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். ஆக, மரம் சொன்ன நேரத்துக்கு மனிதன் எழுந்தான். நாலரை மணிக்கு அடுப்பு எரிந்தது. இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்குச் சுமார் ஐந்நூறு மரம். வெட்டி முடித்துப் பசியாறிவிட்டு, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோள் வலிக்கச் சுமந்துபோய், பால் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்தால், மதியம் ஒன்று, ஒன்றரைக்கு வேலை முடியும்.

கவனியுங்கள். தூக்கத்தைப் பறித்துக்கொண்ட அதே மரம், ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. பிற்பகலைக் கொடுத்தது. அதையும் ஒருவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஊருக்கே ஒரே நேரத்தில் கொடுத்தது. ஓர் ஆளுக்கு மட்டும் ஓய்வு கிடைத்தால் அவர் தூங்குவார். ஊருக்கே சேர்ந்து ஓய்வு கிடைத்தால் அங்கே வாழ்க்கை நடக்கும்.

அந்தப் பிற்பகலில் ஆறு நிரம்பிவிடும். தண்ணீரால் அல்ல, ஆட்களால். தாய்மார்கள் துணி மூட்டையோடு வருவார்கள். அவர்களுக்கு அது ஓய்வு இல்லை, இன்னொரு வேலைதான். ஆனால் தனியாக வீட்டுக்குள் செய்தால் சுமையாக இருக்கிற வேலை, பத்துப் பேர் பாறை பாறையாக உட்கார்ந்து செய்யும்போது பேச்சாக மாறிவிடும். யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்குக் காய்ச்சல், கிராணி யாரிடம் முகம் கடுத்தார், எல்லாச் செய்தியும் சவுக்காரத்தோடு அங்கேதான் அலசப்படும். பிள்ளைகள் பாறையிலிருந்து குதிப்பார்கள். பெரிய பையன்கள் தூண்டிலோடு விராலுக்கும் கெளுத்திக்கும் உட்கார்ந்திருப்பார்கள். திரும்பும்போது யார் மடியிலாவது ஒரு கட்டு பாக்கு கீரை இருக்கும். காசு கொடுத்து வாங்கியதல்ல, கரையில் பறித்தது.

அந்த ஆறு அறிவையும் கொடுத்தது. மலையடிவாரத்து ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். சற்று நேரத்தில் வெள்ளம் சுவர் மாதிரி வந்து இறங்கும். அனுபவப்பட்ட அம்மாக்கள் வானத்தைப் பார்க்கமாட்டார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறதா? ஆற்றின் சத்தம் மாறுகிறதா? 'ஏறுங்கடா மேலே!' என்று ஒரு குரல் வரும். எந்தப் பிள்ளையும் 'ஏன்' என்று கேட்காது. இன்று விடுமுறைக்கு நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் இந்த மூன்று அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரைக் காக்கும் பாடம் அது.

ஆற்றிலிருந்து வந்தபின் ஒரு பக்கம் பந்து விளையாட்டு, ஒரு பக்கம் மாட்டுக்குப் புல், லயத்துக்குப் பின்னால் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர். டுரியான் காலத்தில் கம்பத்து மலாய்க்காரர் வீட்டுப் பழம் தோட்டத்துக்கு வரும், தீபாவளிக்கு முறுக்கு கம்பத்துக்குப் போகும். மாதக் கடைசியில் சீனத் தவுக்கேயின் கடையில் கணக்குப் புத்தகம் விரியும். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது மட்டும் யாருக்கும் ரசனை வராது!

உடனே எதிரே இருப்பவர் கேட்பார். 'ஐயா, தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்கிறீர்களா?' இல்லை. ஒருநாளும் இல்லை. விடியற்காலை மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் அன்று பால் வெட்டு கிடையாது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், தாய்க்கு அது அரைச் சம்பளக் கவலை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது பாலும் குறையும், அடுப்பும் சுருங்கும். அறுபது வருடம் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் அந்த லயத்து வீட்டில் ஒரு செங்கல்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. தோட்டம் கைமாறினால், வேலையோடு வீடும் போகும். அந்தத் துயரத்தை மறைத்துவிட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பாடினால், அங்கே உழைத்துத் தேய்ந்தவர்களுக்குச் செய்கிற துரோகம் அது.

ஆகவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். அந்தக் காலம் நல்ல காலமா என்று கேட்க வேண்டாம். அந்தக் கெட்ட காலத்துக்குள்ளேயும் நல்லதாக இருந்தது எது என்று கேட்க வேண்டும். கூலி நல்லதாக இல்லை. வீடு நல்லதாக இல்லை. நல்லதாக இருந்தது, எல்லாரும் ஒன்றாக இருந்த அந்தப் பிற்பகல்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் குலை வெட்டுக்கு விடியலுக்கு முன் எழ வேண்டியதில்லை, வேலை மாலை வரை இழுக்கும். எழுபதுகளில் பத்து பெரண்டம் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். சம்பளம் வந்தது, சொந்த வீடு வந்தது, பிள்ளைகள் பட்டதாரி ஆனார்கள். இவை எல்லாம் வளர்ச்சி. யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரே வீட்டில் அப்பாவுக்குப் பகல் வேலை, அம்மாவுக்கு இரவு ஷிப்ட், மகனுக்கு டியூசன். வீடு சொந்தமாயிற்று. பிற்பகல்தான் சொந்தமில்லாமல் போயிற்று.

இப்படி ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மலையடிவாரத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். இப்போது மகனோடு பட்டணத்துத் தாமானில் இருக்கிறார். நல்ல வீடு, நல்ல மருமகள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நாள் தவறாமல் மூன்று மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட் அருகே போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் மகன் கேட்கிறான், 'ஏம்மா இந்த வெயில்ல வந்து உட்காருற? உள்ள ஏர்கோன் போட்டிருக்கேன்ல?' அந்தத் தாய் சொல்கிறார், 'இது ஆத்துக்குப் போற நேரம்பா. யாராச்சும் வருவாங்களான்னு பார்க்குறேன்.'

யாரும் வரமாட்டார்கள். எதிர்வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறார். அவரும் கேட்டுக்குள்ளேதான் இருக்கிறார். நடுவில் இருப்பது இருபது அடி தார்ச்சாலை. லேடாங் மலை வெள்ளத்தையே கண்டு அஞ்சாதவர்கள், அந்த இருபது அடியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து பெரிய மருந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றை மட்டும் மீட்டெடுங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு நாற்காலியை வாசலுக்கு எடுத்து வாருங்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மாதம் ஒருமுறை வீட்டுப் பெரியவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அசகான் பக்கம் போங்கள். அங்கே அவர்தான் வழிகாட்டி. எந்தப் பாறை வழுக்கும், எந்தக் கீரையைப் பறிக்கலாம், தண்ணீர் கலங்கினால் என்ன அர்த்தம், எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டில் பேச வழியில்லாமல் இருந்தவர் அங்கே பேசத் தொடங்குவார். பேரப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்துகொண்டு கேட்பான்.

போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த மலைத் தண்ணீர் குளித்து மகிழ்வதற்கு மட்டும் அல்ல. அசகானில் ஓர் அணை இருக்கிறது, மலாக்கா மாநிலத்தின் குடிநீருக்கு அதுவும் ஒரு வாய். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றியபோது, மலாக்கா மக்கள் வாளியும் கையுமாக லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள். அன்று வரிசையில் நின்றவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். ஆற்றங்கரையில் சாப்பிட்ட பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர், தம் வீட்டுக் குழாயில்தான் போடுகிறார்.

முடிவாக ஒரு பழங்கதை. மலாக்கா சுல்தான் லேடாங் மலை இளவரசியைப் பெண் கேட்டார். அவள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் ஒரு தங்கப் பாலம், ஒரு வெள்ளிப் பாலம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல்! கடைசி நிபந்தனையாகத் தன் மகனின் இரத்தத்தையே கேட்டதும் சுல்தான் மனம் தாளாமல் விட்டுவிட்டார். ராஜாவுக்கே எட்டாத மலை அது.

அதே மலையின் காலடியில், தங்கமும் இல்லாமல் வெள்ளியும் இல்லாமல், ஓடைக்குக் குறுக்கே போட்ட ஒற்றைப் பலகையில் நடந்து, துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போனார்கள் பால் வெட்டும் பெண்கள். ராஜா பாலம் கட்டப் பார்த்தார், இவர்கள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அன்றாட வாழ்க்கையை ரசிக்க அந்த ஒரு கூப்பிடுதல் போதும். 'அக்கா, வாரீங்களா?' இன்று பிற்பகல் எதிர்வீட்டைப் பார்த்து அதைக் கேட்டுப் பாருங்கள்.