பெட்டகத்துக்குள் ஒரு செய்முறை

1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுக் கிளம்பியது. வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும், தொழில்நுட்பத்தையும் இங்கே பகிர வேண்டும் என்றது அன்றைய ஜனதா அரசு. செய்முறையைக் கொடுப்பதைவிடச் சந்தையையே விட்டுவிடலாம் என்று போனவர்கள், 1993-இல்தான் திரும்பினார்கள்.

அட்லாண்டாவில் 1886-இல் ஒரு மருந்துக்கடைக்காரர் உருவாக்கிய பானம் அது. காப்புரிமை வாங்கினால் என்ன என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் செய்முறையை முழுதும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 20 ஆண்டு முடிந்தால் யாரும் அதைச் செய்து விற்கலாம். ரகசியத்துக்கு அப்படிக் கெடு கிடையாது. அதற்கு ஒரு விலையும் உண்டு: யாராவது கடையில் பாட்டிலை வாங்கிச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து தாமே கண்டுபிடித்துவிட்டால், சட்டம் குறுக்கே வராது. திருட்டையும் நம்பிக்கை மோசடியையும்தான் அது தடுக்கும்.

திருட்டும் நடந்தது. 2006-இல் அந்த நிறுவனத்தின் தலைமையகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர், கூட்டாளிகளோடு சேர்ந்து ரகசிய ஆவணங்களைப் பெப்சிக்கு விற்க முயன்றார். பெப்சி என்ன செய்தது தெரியுமா? வந்த கடிதத்தைக் கோகோ கோலாவிடமே கொடுத்துவிட்டது! அந்த ஊழியருக்கு எட்டு ஆண்டு சிறை.

நம் நாட்டில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச்சட்டம் இன்னும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தையும் பழைய தீர்ப்புகளையும் வைத்துத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கால்நடைத் தீவனம் வளர்க்கும் ஒரு கருவியின் வரைபடங்களை, உதிரிபாகம் செய்வதற்காக நம்பிக் கொடுத்தார் ஒருவர். வாங்கியவர்கள் அதே மாதிரிக் கருவியைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 1987-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

மசாலா அரைப்பவருக்கும் சாயப்பட்டறை நடத்துபவருக்கும் இது பொருந்தும். அளவு எழுதிய நோட்டு எல்லோர் கைக்கும் எட்டும்படி கிடந்தால், பிறகு வழக்கில் ரகசியம் என்று சொல்வது கடினம். யாரிடம் காட்டினீர்கள், எழுதி வாங்கினீர்களா என்ற கேள்விகள் வரும்.

வேலையை விட்டவர் போட்டிக் கம்பெனிக்கே போகக் கூடாது என்று எழுதி வாங்குவதுதான் பலர் செய்வது. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது பெரும்பாலும் செல்லாது. என் கணக்கில் அது நியாயமும்கூட. செய்து செய்து கைக்கு வந்த பக்குவம் தொழிலாளியுடையது. முதலாளியின் நோட்டை அவர் எடுத்துக்கொண்டு போகத்தான் கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது நீதிபதிகளுக்கே தலைவலி. தனிச்சட்டம் வேண்டும் என்று 2024-இல் சட்ட ஆணையம் ஒரு வரைவைக் கொடுத்திருக்கிறது.